பூஜை நாள்களில் வானம் பார்ப்போம்



வானியல் என்றதும் நம் கொல்கத்தாவில் பலருக்கும் சௌரங்கியில் இருக்கும் பிர்லா கோளரங்கம்தான் நினைவுக்கு வரும். 1963-ல் நேரு முறைப்படி திறந்து வைத்த அரங்கம். பிள்ளைகளை அவசியம் கூட்டிப் போங்கள். ஆனால் நான் இன்று பேச வந்தது டிக்கெட் வாங்காமல் பார்க்கிற வானத்தைப் பற்றி.

மழை விடைபெறும் அக்டோபர் நடுவில் தொடங்கி, குளிர்காலப் புகைமூட்டம் கவிகிற வரைக்கும் கொல்கத்தா வானம் சில வாரம் தெளிவாகக் கிடைக்கிறது. எந்த ராத்திரி எதைப் பார்ப்பது? பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பாருங்கள், அதிலேயே இருக்கிறது.

துர்கா பூஜையின் அஷ்டமியன்று வானத்தில் இருப்பது பாதி நிலா. பந்தல் பார்த்துத் திரும்பும் வழியில் மாடிக்கு ஏறி, சாதாரண பைனாகுலரை அதன்மேல் திருப்புங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டோரமாகப் பாருங்கள். அங்கே அப்போதுதான் பொழுது விடிகிறது. மலைகளின் நிழல் நீண்டு விழுவதால் பெரிய பள்ளங்கள் விளிம்போடு எடுப்பாகத் தெரியும். அடுத்த வாரம் லட்சுமி பூஜைப் பௌர்ணமியில் அதே இடத்தைத் தேடினால் கிடைக்காது. நேர் எதிரே வெயில் அடிக்கும்போது நிழல் ஏது? முழுநிலா பாட்டுக்கு ஆகும், பள்ளம் பார்க்க ஆகாது!

காளி பூஜை அமாவாசை. நிலாத் தொந்தரவு இல்லை, பட்டாசுப் புகைதான் தொந்தரவு. ஆகவே இரண்டு நாள் தள்ளி, பக்காலிக் கடற்கரைக்கோ புருலியாவின் அயோத்தியா மலைக்கோ போய்விடுங்கள். ஜாதகக் கட்டத்தில் மட்டுமே நாம் பார்த்திருக்கிற பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து, உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சதுரமாக நிற்கும். அதன் வடகிழக்கு மூலையைத் தாண்டி மங்கலான ஒரு திட்டு தெரிகிறதா? அது ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள். சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரம்.

அக்டோபர் 21, 22 வாக்கில் நள்ளிரவுக்குமேல் கிழக்கே திருவாதிரை ஏறி வரும். அதற்குச் சற்று வடக்கே இருந்து எரிகற்கள் பாயும். ஹாலி வால்மீன் விட்டுப்போன தூசுதான் அப்படி எரிகிறது. அந்த வால்மீன் திரும்ப வருவது 2061-ல். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதை அவசியம் பார்ப்பார்கள்!

பார்த்தால் மட்டும் போதுமா? இங்கேதான் வங்காளத்து மனிதர் ஒருவரைச் சொல்ல வேண்டும். ராதாகோவிந்த சந்திரர். 1878-ல் ஜெசோர் பக்கம் பிறந்தவர். நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றுக் கருவூலத்தில் சிறு உத்தியோகத்துக்குப் போனவர். 1910-ல் ஹாலி வால்மீனைப் பார்த்தார். 1918 ஜூனில் கழுகு மண்டலத்தில், வரைபடத்தில் இல்லாத ஒரு நட்சத்திரம் பளிச்சென்று எரிவதைக் கண்டுகொண்டார். அது ஒரு நோவா. அதன் பிறகு அமெரிக்க மாறொளி விண்மீன் சங்கத்துக்காக, பகலில் ஆபீஸ், இரவில் வானம் என்று 1954 வரை எழுதி அனுப்பிய ஒளிக் கணிப்புகள் 37,000-க்கும் மேல். மூன்று அங்குலத் தொலைநோக்கியோடு பாடுபட்டவருக்கு, 1926-ல் அந்தச் சங்கமே ஆறு அங்குலக் கருவி ஒன்றை அனுப்பி வைத்தது. பிரிவினையில் ஜெசோர் எல்லைக்கு அப்பால் போக, இவர் பாராசாத்தில் குடியேறி 1975-ல் காலமானார். அந்தக் கருவி எங்கே போனது தெரியுமா? வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது!

ஆபீஸ் முடிந்தபின் அறிவியல் என்பது தமிழர்களான நமக்கும் புதிதல்லவே. 1907-ல் கணக்குத் துறை அதிகாரியாக இந்த ஊருக்கு வந்த சி.வி. ராமன், பௌபஜார் தெருவில் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். மாறொளி விண்மீனும் நமக்குப் புதிதல்ல; அவருக்கும் முன்பே, சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார்.

ஆகவே ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். நவம்பர் முன்னிரவில் வடகிழக்கே பெர்சியஸ் மண்டலத்தில் அல்கோல் என்றொரு நட்சத்திரம். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை அது மங்கும், சில மணி நேரத்தில் பழையபடி ஒளிரும். ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களில் மங்கலானது மற்றதை மறைப்பதால் வருகிற கிரகணம் அது. 1783-ல் இந்தக் காரணத்தை ஊகித்துச் சொன்னவர் யார்க்கைச் சேர்ந்த ஜான் குட்ரிக். காது கேளாத இளைஞர், வயது 18. கடன் வாங்காத இரண்டு கண்ணே அவருக்கு முதல்.

உங்கள் மாடியிலிருந்து அல்கோலைப் பாருங்கள். பக்கத்து நட்சத்திரங்களில் எதைவிடப் பிரகாசம், எதைவிட மங்கல் என்று நாளும் மணியும் போட்டு ஒரு வரி எழுதுங்கள். மேகம் என்றால் மேகம் என்றே எழுதுங்கள். 2019 கடைசியில் திருவாதிரை திடீரென்று மங்கியபோது, அது எவ்வளவு அசாதாரணம் என்று அறிய உதவியவை அமெச்சூர்கள் பல்லாண்டாகச் சேர்த்த இப்படிப்பட்ட வரிகள்தாம். வேடிக்கை பார்ப்பவரை வானியலாளர் ஆக்குவது விலையுயர்ந்த தொலைநோக்கி அல்ல, விடாமல் எழுதிய நோட்டு.

தைப் பொங்கல் விழாவுக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். மேடை உங்களுக்கு, முன்வரிசை நாற்காலி எனக்கு.