எரிமலையில் எரிவது எது?



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பூகோளம் கற்பித்தவன் நான். எரிமலைப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் ஒரு கூம்பு வரைவேன். அதன் உச்சியில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் நான்கு கோடுகள் இழுப்பேன். "நெருப்பைக் கக்கும் மலை எரிமலை எனப்படும்" என்று சொல்லி எழுதிக்கொள்ளச் செய்வேன். அவ்வளவில் பாடம் முடிந்துவிடும்.

1987-ஆம் ஆண்டில் ஒரு நாள், எட்டாம் வகுப்பில், கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர் ஒருவரின் மகன் எழுந்து நின்றான். "ஐயா, எரிமலையில் எரிவது எது? எங்கள் உலையில் கரி போட்டால்தான் எரியும். மலைக்குள்ளே யார் கரி போடுகிறார்கள்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் அன்று எனக்கு இல்லை. "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம், உட்கார்" என்று அதட்டினேன். மாணவனுடைய வினாவிலிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேர்ச்சி பெற்றவன்தான் நான்! அவன் உட்கார்ந்தான். பிறகு அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையின் பட்டறைக்கே சென்றுவிட்டான். வறுமையே அதற்குக் காரணம் என்பதை அறிவேன். ஆயினும் அந்த அதட்டல் என் நெஞ்சில் முள்ளாகவே தங்கிவிட்டது.

அந்த வினாவுக்குரிய விடையை நான் புத்தகத்தில் பின்னர்ப் படித்தேன். அதைக் காலால் நடந்து உணர்ந்தது 2025-ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவில் பணியாற்றும் என் மகன், கோடை விடுமுறையில் எங்களைப் பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுக்கு அழைத்துச் சென்றான். அங்கே கீலவேயா என்னும் எரிமலை இருக்கிறது. 1916-ஆம் ஆண்டிலேயே அப்பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்துக் காத்துவருகிறார்கள். அதன் பெருவாயில் 2024 டிசம்பர் முதல் குழம்பு விட்டுவிட்டுப் பொங்கிவந்தது. நாங்கள் சென்றது இடையிலே அது ஓய்ந்திருந்த ஒரு நாள். பெருவாயின் அருகிலேயே 'சிறிய கீலவேயா' என்று பொருள்படும் கீலவேயா இக்கி என்ற பள்ளம் உண்டு. அதன் விளிம்பில் தொடங்கி, உள்ளே இறங்கி, அடித்தளத்தைக் கடந்து, மறுபுறம் ஏறி வருவதே எங்கள் நடைப்பயணம். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவு.

காலையிலேயே புறப்பட்டோம். நானும் என் துணைவியும், மகனும் மருமகளும், பதினான்கு வயதுப் பேரனும், பத்து வயதுப் பேத்தியும் ஆக ஆறு பேர். என் துணைவி புடவைக்குக் கீழே கான்வாஸ் காலணி அணிந்து, கையில் ஒரு கோலுடன் முன்னே நடந்தாள். முதலில் வழி மழைக்காட்டினூடே சென்றது. ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்த மரப்பெரணிகள் இருபுறமும் குடை பிடித்தன. ஓஹியா என்னும் மரங்களில் சிவந்த பூக்கள் மலர்ந்திருந்தன. நம் ஊர் நாவலும் கொய்யாவும் எக்குடும்பமோ, ஓஹியாவும் அக்குடும்பமே. அதைச் சொன்னதும் பேத்தி அம்மரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

படிகளும் வளைவுகளுமாக நூறு மீட்டருக்கு மேல் இறங்கினோம். காடு சட்டென்று முடிந்தது. எதிரே கருமை நிறத்தில் ஒரு பெருவெளி. சித்திரை மாதத்தில் நீர் வற்றி, வண்டல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் ஏரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே தோற்றம், ஆனால் பாளங்கள் களிமண் அல்ல, கல். சுற்றிலும் உள்ள பாறைச் சுவரில், ஏரிக்கரையில் நீர்மட்டம் விட்டுச்செல்லும் தடம்போல ஒரு கோடு தெரிந்தது. ஆம், இதுவும் ஏரியாக இருந்ததே. உருகிய பாறையால் நிரம்பிய ஏரி!

1959 நவம்பர் 14-ஆம் நாள் மாலை இப்பள்ளத்தின் சுவர் பிளந்தது. டிசம்பர் 20 வரை பதினேழு முறை குழம்பு பீறிட்டெழுந்தது. ஒரு சமயம் அந்த ஊற்று சுமார் 580 மீட்டர் உயரம் எழுந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானங்கள் எட்டினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அவ்வுயரத்தை எட்டா. ஒவ்வொரு முறையும் ஊற்று அடங்கியபின், குழம்பின் ஒரு பகுதி வந்த வழியே மீண்டும் பூமிக்குள் வடிந்தது. எஞ்சியது நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் தேங்கி நின்றது. நான் பிறந்ததும் அதே ஆண்டு. நான் தவழ்ந்த நாளில் அந்த ஏரியின்மேல் மெல்லிய ஏடு படிந்திருந்தது. நான் கல்லூரி சென்ற நாளிலும் அடியிலே குழம்பு இருந்தது. விஞ்ஞானிகள் 1960 முதல் 1988 வரை பலமுறை அந்த ஏட்டைத் துளையிட்டு, அது தடித்துவருவதை அளந்தார்கள். முழுவதும் இறுகிக் கல்லாவதற்கு 1990-களின் நடுப்பகுதி ஆயிற்று.

பாறை வெடிப்புகளில் வெண்ணிற ஆவி எழுந்துகொண்டிருந்தது. பேத்தி சற்றே தள்ளி நின்று கையை நீட்டினாள். "தாத்தா, இட்லிப் பானையைத் திறந்தாற்போல் இருக்கிறது! உள்ளே இன்னும் எரிகிறதா? எது எரிகிறது?" என்றாள். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே வினா! இம்முறை நான் அதட்டவில்லை. அங்கேயே ஒரு கல்லின்மேல் அமர்ந்து சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எரிமலைக்குள் எதுவும் எரிவதில்லை. எரிதல் என்பது ஒரு பொருள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுவது. பூமியின் ஆழத்தில் கரியும் இல்லை. ஊதுவதற்குத் துருத்தியும் இல்லை. கொல்லன் உலையில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கரி எரிகிறது. இரும்போ எரிவதில்லை, காய்ந்து, சிவந்து, ஒளிர்கிறது. எரிமலைக் குழம்பின் செந்நிறம் அந்த இரும்பின் சிவப்பைப் போன்றது. அது 1200 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறி உருகிய பாறை. பூமி உருவான காலத்து வெப்பத்தின் எச்சமும், யுரேனியம், தோரியம் முதலியவற்றின் கதிரியக்கமும் உள்ளிருந்து அதைச் சூடாக்குகின்றன. ஆழத்தில் மேற்பாரம் அழுத்துவதால் பாறை பெரும்பாலும் உருகாமலே இருக்கும். அது மெல்ல மேலெழும்போது அழுத்தம் குறைகிறது. ஒரு பகுதி உருகுகிறது. அதில் கரைந்துள்ள வாயுக்கள், சோடாப்புட்டியின் கோலியை அழுத்தியவுடன் நுரை பொங்குவதுபோல, குழம்பை மேலே தள்ளுகின்றன. புகை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நீராவியும் கந்தகம் கலந்த வாயுவுமே. பேத்தி கண்ட ஆவியோ, மழைநீர் வெடிப்பில் இறங்கி, இன்னும் ஆறாத கல்லில் பட்டுத் திரும்புவது.

குழம்பு செல்லும் வழியிலுள்ளவை தீப்பற்றும், அது உண்மை. 2018-ஆம் ஆண்டில் இதே கீலவேயாவின் கீழ்ச்சரிவில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஆனால் அந்தத் தீவே எரிமலைகள் ஆக்கித் தந்த நிலம். நம் நாட்டிலும் தக்காணத்தில் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பரவி உறைந்த குழம்பிலேதான் அஜந்தா, எல்லோராக் குகைகள் குடையப்பட்டன. கீலவேயா இக்கியின் வெடிப்புகளிலும் பெரணிகள் தலைநீட்டியிருந்தன. முழங்கால் உயர ஓஹியாச் செடி ஒன்று பூத்திருந்தது.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அங்கே பாதை என்று தனியாக ஒன்று கிடையாது. கற்களை அடுக்கிய சிறு குவியல்களே வழிகாட்டும். அஹு என்று அவற்றை அழைக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தேடித் தேடி, ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். சற்று முன்னர்ப் பேரன் விளையாட்டாகத் தானும் ஒரு குவியல் அடுக்கியிருந்தான். என் மகன் அதைக் கலைக்கச் செய்து, "பின்னால் வருபவர்கள் இதை நம்பித் திசை மாறுவார்கள், கண்ணா" என்று சொல்லியிருந்தான். பனிக்குள் நடந்தபோது அச்சொல்லின் பொருள் பேரனுக்கு விளங்கியது. எனக்கும் விளங்கியது. "நெருப்பைக் கக்கும் மலை" என்று ஆண்டுதோறும் நான் எழுதிப்போட்டதும் அத்தகைய ஒரு குவியல்தானே! கலைக்க முயன்ற ஒரே சிறுவனையும் உட்காரச் சொல்லிவிட்டேன்.

மாணவர்களே, உங்களுக்குப் புரியாததைக் கேளுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உங்கள் வீட்டுத் தொழிலிலிருந்து பிறக்கும் ஐயமாயின், அதை இன்னும் உரக்கக் கேளுங்கள். ஆசிரியர் உடனே விடை கூறாவிட்டாலும் வினாவைக் கைவிடாதீர்கள்.

அந்தச் சிறுவன் இன்று ஐம்பது வயதைக் கடந்தவனாக இருப்பான். இவ்வுரை அவன் செவியில் விழுமோ, அறியேன். தம்பி, உன் கேள்வி சரியானது. அதன் விடை உன் தந்தையின் உலைக்களத்திலேயே இருந்தது. தெரியாதவன் நான்தான். பொறுத்துக்கொள்.