வலிப்பெல்லாம் காக்கை வலிப்பன்று
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழவங்காடியில் வாழும் நமக்கு இடர் நேர்ந்தால் முதலில் நினைவிற்கு வருவது பிள்ளையார் சந்நிதியும், அங்கே உடைக்கும் தேங்காயுமே. அவ்வழிபாடு நடக்கட்டும். அதனோடு மருத்துவரையும் நாடவேண்டிய நோயொன்றைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். நான் மருத்துவன் அல்லேன், ரெயில்வே குமாஸ்தா. படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே சொல்கின்றேன்.

ஒருவர் திடீரென விழுந்து கைகால் உதறினால் காக்கை வலிப்பு என்கிறோம். அது மூளையின் மின்னோட்டம் நிலைகுலைவதால் உண்டாவது. அக்கோளாறு இன்றியே அதே தோற்றத்தில் வரும் வலிப்பும் உண்டு. அதனை உளவழி வலிப்பு எனலாம். அடக்கிய துயரம், அச்சம், பண்டு பட்ட கொடுமை ஆகியவை பலரிடத்து இதற்குக் காரணம். சிலரிடத்துக் காரணம் எளிதில் புலப்படுவதில்லை.

இதனைப் பேயென்பார் சிலர், நடிப்பென்பார் சிலர். இரண்டும் பிழை. நோயாளி இதனை வேண்டுமென்று செய்வதில்லை. தண்டவாளமும் எஞ்சினும் பழுதின்றி இருந்தும், கைகாட்டி இறங்காவிடில் வண்டி நின்றுவிடும். நின்ற வண்டியை நடிக்கிறது என்று எவரேனும் ஏசுவரோ?

கண்களை இறுக மூடியிருத்தல், தலையை இருபுறமும் அசைத்தல், நெடுநேரம் நீடித்தல் ஆகியவை உளவழி வலிப்பின் குறிகள். எனினும் ஒரு குறியைக் கொண்டு மட்டும் முடிவு கட்டலாகாது. 1924-இல் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். இன்று அப்பதிவையும் வீடியோப் படத்தையும் ஒருங்கே எடுக்கின்றனர். வலிப்பு வரும் வேளையிலேயே மின்னலைகளை ஆராய்ந்தால் உண்மை பெரும்பாலும் வெளிப்படும். நம் நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் வலிப்பு நோய்க்கென்றே தனி மையம் உள்ளது. சிலருக்கு இருவகை வலிப்பும் சேர்ந்திருக்கும். ஆகவே மாத்திரைகளைத் தாமே நிறுத்துதல் ஆபத்து.

உளவழி வலிப்பைக் காக்கை வலிப்பு மருந்து தீர்ப்பதில்லை; வீணே உடலை வருத்தும். நோயின் தன்மையை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் பரிவுடன் விளக்குவதே சிகிச்சையின் முதற்படி. சிலருக்கு அதுவே பெரும் பயன் தரும். அடுத்தது, பயிற்சி பெற்றவரிடம் பலமுறை அமர்ந்து பெறும் உளவழிச் சிகிச்சை.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டா. கையில் இரும்பு கொடுப்பதாற் பயனில்லை. ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எக்காரணத்தாலும் கட்டி வைக்காதீர்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல் மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர்.

தாய்மார்களே! பெண்ணின் திருமணம் தடைப்படுமே என்றஞ்சி நோயை மறைக்காதீர்கள். வீட்டிற்கு வந்த மருமகளுக்கு வலிப்பு வந்தால், தாய்வீட்டிற்கு அனுப்புமுன் அவள் துயரம் யாதென ஒருமுறை கேளுங்கள். அக்கேள்விக்குக் காசு வேண்டா, கனிவே போதும்.