இரவு இரண்டு மணிக்கு ஸ்டடி குரூப்
(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)



இங்கிலாந்தில் நியூகாசிலில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்திருக்கிறேன். படிப்பைப் பற்றிப் பேசினால் நீங்கள் சுண்டலுக்கு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் இரவு வாழ்க்கையைச் சொல்கிறேன்.

ஜனவரிக் குளிரில் நான் ஸ்வெட்டர், கோட், குரங்குக் குல்லா. வகுப்புத் தோழர்களோ அரைக்கைச் சட்டையோடு கிளப் வாசலில் வரிசையில் நிற்பார்கள். கேட்டால், "உள்ளே கோட்டை வைக்கக் காசு கேட்பார்களே!" 'ரவுண்ட்' என்று ஒன்று உண்டு. இன்று ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்தது உங்கள் முறை. நம் மொய்க் கணக்கேதான். நான் குடித்தது ஆரஞ்சு ஜூஸ். கொடுத்தது நாலு பேருடைய பீருக்கு.

அங்கே இரவு இரண்டு என்றால் இங்கே காலை ஏழரை. அம்மா போன் செய்வார். "என்னடா சத்தம்?" "ஸ்டடி குரூப்மா." (முன்வரிசையில்தான் இருக்கிறார். மன்னிச்சிடும்மா.)

ஒரு இரவு நண்பன் நடைபாதையில் உட்கார்ந்தவன் எழவே இல்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாவிடம் கேட்கவும் முடியாது, நான்தான் படித்துக்கொண்டிருக்கிறேனே! அப்போது 'ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்' தொண்டர் ஒருவர் வந்தார். 2003-ல் லண்டனில் தொடங்கிய தேவாலய அமைப்பு அது. ஹை ஹீல்ஸைக் கையில் பிடித்து நடக்கும் பெண்களுக்கு ரப்பர் செருப்புகூடக் கொடுப்பார்கள். அப்பா வயதுக்காரர் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்து, "வீட்டுக்கு எப்படிப் போவீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

பிள்ளைகளை வெளிநாடு அனுப்புகிறவர்களே, "குடிப்பியா?" என்று கேட்டால் பொய்தான் வரும். "ராத்திரி யாரோட திரும்புவே?" என்று கேளுங்கள். உண்மை வரும்.

இனி சுண்டல்.