பிறர் அனுப்பிய குறியீட்டை நம் போனில் போடலாமா?

(குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகிறோம்.

"ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பது இன்று நம் வீட்டு மூத்த பெண்களுக்கும் தெரிந்த பாடமாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். இன்று நாம் பேசப்போவது அதன் மறுபக்கம். நாம் பாஸ்வேர்டைச் சொல்லியிருக்க மாட்டோம். ஓ.டி.பி.யையும் சொல்லியிருக்க மாட்டோம். ஆனாலும், வேறொருவர் அனுப்பிய சிறு குறியீட்டை நம் போனில் போட்டு "சரி" என்று அழுத்திய அந்த நிமிடத்தில் நம் கணக்கு அவர் கைக்குப் போய்விடும்.

இந்தக் குறியீட்டு முறை கெட்டதல்ல. நம்மில் பலர் வீட்டிலேயே பயன்படுத்துகிறோம். புது ஸ்மார்ட் டி.வி. வாங்கி யூடியூப்பைத் திறந்தால், கணக்கில் நுழையச் சொல்கிறது. ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பாஸ்வேர்டு அடிப்பது பெரும்பாடு. அதனால் டி.வி. திரை ஒரு குறியீட்டைக் காட்டும். நாம் போனில் அவர்கள் சொல்லும் பக்கத்தைத் திறந்து அதைப் போடுகிறோம், "அனுமதி" என்று அழுத்துகிறோம். டி.வி. தானாகத் திறந்துகொள்கிறது. பாஸ்வேர்டை டி.வி.யில் அடிக்கவே இல்லை. விசைப்பலகை இல்லாத கருவிகளுக்காக ஏற்பட்ட வசதி இது. இணையத்துக்கான தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு, 2019 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 8628 என்ற ஆவணத்தில் இதற்கு ஒழுங்கு வகுத்தது.

உள்ளே நடப்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். டி.வி. முதலில் நிறுவனத்தின் கணினியிடம் "எனக்கு ஒரு குறியீடு கொடு" என்று கேட்கிறது. அதைத் திரையில் காட்டிவிட்டு, "அனுமதி வந்ததா, வந்ததா?" என்று சில விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் போனில் அனுமதி கொடுத்ததும் அதற்கு டோக்கன் என்ற ஒரு மின்னணுச் சாவி கிடைக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு தேவையில்லை, அந்தச் சாவியே போதும். மின்னஞ்சல், கோப்புகள், புகைப்படங்கள் என்று கிளவுடில், அதாவது நிறுவனங்களின் கணினிகளில் நாம் வைத்திருப்பவற்றைத் திறப்பதற்கும் இதே முறை உண்டு.

கோளாறு எங்கே வருகிறது? குறியீட்டைக் கேட்டு வாங்கியது நம் வீட்டு டி.வி.யா, ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள திருடனின் கணினியா என்பது அந்தக் குறியீட்டைப் பார்த்தால் தெரியாது. திருடன் தன் கணினியில் குறியீட்டைப் பெற்று, நமக்கு அனுப்பிவைக்கிறான். "உங்கள் மகளின் கல்வி உதவி விண்ணப்பத்தைச் சரிபார்க்க இந்தக் குறியீட்டைப் போடுங்கள், 15 நிமிடத்தில் காலாவதியாகிவிடும்" என்று ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம். காலாவதி என்பது மட்டும் உண்மை. மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கான குறியீடு 15 நிமிடமே செல்லும். அதனால்தான் அவன் நம்மை அவசரப்படுத்துகிறான்.

நாம் திறக்கும் பக்கமும் போலி அல்ல, நிறுவனத்தின் அசல் பக்கம். நாம் அடிக்கும் பாஸ்வேர்டு சரியானது, வைக்கும் கைரேகையும் நம்முடையது. "இணைய முகவரியைச் சரிபாருங்கள்" என்று இதுவரை நாம் கற்ற பாடம் இங்கே உதவாது. எல்லாம் ஒழுங்காக நடந்து முடிந்து, சாவி மட்டும் திருடனிடம் போய்ச் சேர்கிறது.

இது கற்பனை அல்ல. 2024 ஆகஸ்ட் முதல் இந்த வழியில் நடந்துவந்த ஒரு தாக்குதலை 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் வெளிப்படுத்தியது. அந்தக் கும்பலுக்கு அது வைத்த பெயர் ஸ்டார்ம்-2372. அவர்கள் வாட்ஸ்அப், சிக்னல், டீம்ஸ் வழியாக முக்கியப் பிரமுகர்போல் பேசிப் பழகி, பிறகு ஆன்லைன் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புவார்கள். கூட்டத்தில் சேர்வதற்கு என்று சொல்லிக் குறியீட்டைப் போட வைப்பார்கள். உள்ளே நுழைந்ததும் அஞ்சல்களில் "பாஸ்வேர்டு" போன்ற சொற்களைத் தேடினார்கள். ஏமாந்தவரின் அஞ்சலிலிருந்தே அவருடன் பணிபுரிவோருக்கும் அடுத்த வலையை அனுப்பினார்கள். குறிவைக்கப்பட்டவற்றில் அரசு அலுவலகங்களோடு தொண்டு நிறுவனங்களும் உயர்கல்வி நிலையங்களும் இருந்தன. நம் பிள்ளைகளில் பலருக்குக் கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கு இருக்கிறது. ஆகவே "நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று இருந்துவிட முடியாது.

வாட்ஸ்அப்பிலும் இதைப் போன்ற வழி உண்டு. ஒரு கணினியில் நம் எண்ணைக் கொடுத்து 8 எழுத்துக் குறியீட்டைப் பெற்று, அதை நம் போனில் போட்டால் அந்தக் கணினி நம் வாட்ஸ்அப்போடு இணைந்துவிடும். நம் போன் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருக்கும். செய்திகள் அங்கேயும் போய்க்கொண்டிருக்கும். நமக்குச் சந்தேகமே வராது.

சகோதரர்களே, ஒரு ஹதீஸை இங்கே நினைவுகூர்கிறோம். ஜாபிர் (ரலி) அவர்கள் ஒருமுறை நபி (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். யார் என்று கேட்கப்பட்டபோது "நான்" என்று மட்டும் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை நபியவர்கள் விரும்பவில்லை. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நிகழ்வு இது. வந்திருப்பவர் யார் என்று தெரியாமல் கதவு திறக்கப்படக் கூடாது. பிறர் அனுப்பும் குறியீடும் "நான்" என்று மட்டும்தான் சொல்கிறது. யார் என்று சொல்வதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது வீட்டுக்காரரான நம் பொறுப்பு.

இதை நாங்கள் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸகாத் உதவி கேட்டு வரும் விதவைத் தாய்மார்களின் விவரம், மருத்துவச் சீட்டுகள், மாணவர்களின் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் படம் எல்லாம் நம்பிக்கையோடு நமக்கு அனுப்பப்படுகின்றன. அவை நம் கையில் உள்ள அமானிதம். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் உதவி கேட்டவரின் மானம் அதில் இருக்கிறது. நம்மில் ஒருவர் ஒரு குறியீட்டைப் போட்டுவிட்டால் பாதிக்கப்படுவது அவர் ஒருவர் மட்டும் அல்ல.

எனவே வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டியவை இவை.

முதலாவது, குறியீடு நம் கண்முன் உள்ள, நாமே இப்போது இயக்கிய கருவியின் திரையில் தெரிய வேண்டும். செய்தியாகவோ, மின்னஞ்சலாகவோ, போன் பேச்சிலோ வந்த குறியீட்டை எங்கும் போடக் கூடாது. மச்சான் பெயரில் வந்தாலும், பேராசிரியர் பெயரில் வந்தாலும் இதே விதிதான். அவர்கள் கணக்கே திருடப்பட்டிருக்கலாம். போன் செய்து குரலைக் கேட்டு விசாரியுங்கள்.

இரண்டாவது, அனுமதி கேட்கும் பக்கத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். எந்தச் செயலிக்கு, எந்தக் கருவிக்கு அனுமதி கேட்கப்படுகிறது என்று படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியையும், கூகுள் கணக்கில் "உங்கள் சாதனங்கள்" பகுதியையும் திறந்து பாருங்கள். நமக்குத் தெரியாத கருவி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அசல் பக்கத்தைக் காட்டி ஏமாற்றும் வித்தை இது, படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாமல், உள்ளே நுழைந்த கருவியையும் வெளியேற்றுங்கள். கல்லூரி அல்லது அலுவலகக் கணக்கு என்றால் அங்குள்ள கணினிப் பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். இந்தக் குறியீட்டு நுழைவு தேவைப்படாத நிறுவனங்களில் அதை முழுவதுமாகத் தடுத்துவைக்கவும் அவர்களால் முடியும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். பிள்ளைகள் வந்து சொன்னால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

நம் அறக்கட்டளையின் சார்பில் ஓர் உறுதியும் சொல்கிறோம். கல்வி உதவிக்கோ, மருத்துவ உதவிக்கோ, ஸகாத் விண்ணப்பத்துக்கோ எங்கள் அலுவலகத்திலிருந்து எவரும் உங்களுக்குக் குறியீடு அனுப்பிப் போடச் சொல்ல மாட்டோம். அப்படி எங்கள் பெயரில் ஏதேனும் வந்தால் அதைப் போடாமல், அலுவலகத்துக்கு நேரில் வந்து காட்டுங்கள். மற்ற குடும்பங்களையும் எச்சரிக்க அது உதவும்.

நம் குடும்பங்களின் மானத்தையும் பொருளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டதை முறையாகக் காக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.