காலைப் பிட்டும் சீனி வருத்தமும்



சீனி வருத்தம் என்று வைத்தியர் சொன்னதும் நம்மவர் முதலிற் பகைப்பது பிட்டை. சிலர் மாத்திரையை விழுங்கிவிட்டு வெறுந் தேநீரோடு காலையைக் கழிக்கின்றனர். இது ஆபத்தானது. அம்மாத்திரைகளுட் சில, உணவின்றி உட்கொண்டால் இரத்தச் சீனியை அளவுமீறி இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கமும் வரலாம்.

பிட்டைக் கைவிட வேண்டியதில்லை. உண்ணும் முறையை மாற்றினாற் போதும். பிட்டிலுள்ள மாப்பொருள் குடலிற் சீனியாக மாறுகிறது. அதனோடு வாழைப்பழமும் சீனியும் பிசைந்தால் சுமை மேலும் கூடும். தவிடு நீக்காத சிவப்பரிசி மாவும், துணைக்குக் கீரையும் பயறும் மீனுமாயின் சீனி மெதுவாகவே இரத்தத்திற் கலக்கும்.

மரக்கறியையும் புரத உணவையும் முதலில் உண்டு, மாப்பொருளைப் பின்னர் உண்டவர்க்குச் சீனி குறைவாகவே ஏறியதென நியூயோர்க்கில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே முதலில் முருங்கையிலைச் சுண்டலும் அவித்த பயறும். பின்னர் அளவான பிட்டு. அதன்பின் 10 நிமிட நடை. உண்டு இரண்டு மணி நேரத்தின் பின் சீனியை அளந்து பார்த்தால் பலன் தெரியும். மருந்தின் அளவை மாற்றுவது மட்டும் வைத்தியரின் பொறுப்பு.

இளைஞர்களே, தம்பிலுவிலில் எந்த வீட்டிலும் பெரியவர் எவரும் பயத்தினாற் பட்டினி கிடக்கலாகாது. நாளைக் காலை அவர்களோடு அமர்ந்து உண்ணுங்கள்.