வருகையும் வரவும்: இணையக் கடைக்கு ஒரு கணக்கு

ஐதராபாத்தின் வடமேற்கே, வீட்டுவசதி வாரியக் குடியிருப்பால் பெருகி வளர்ந்த பகுதி குகட்பள்ளி. அங்குப் போச்சம்பள்ளி இக்கத் சேலைகளை விற்கும் சிறு வணிகர் ஒருவர் இணையக் கடை தொடங்குவதாகக் கொள்வோம். தம் கடையில் அமர்ந்திருக்கும்போது, யார் வந்தார், எந்தச் சேலையைப் பிரித்துப் பார்த்தார், விலையைக் கேட்டதும் யார் எழுந்து போனார் என்பனவெல்லாம் அவருக்குத் தாமாகவே தெரியும். இணையக் கடையில் இவற்றுள் ஒன்றும் கண்ணுக்குப் புலப்படாது. இக்குறையை நீக்க வந்ததே வருகைப் பகுப்பாய்வு.

இதற்கான கருவிகளுள் பெரிதும் வழங்குவது கூகுள் அனலிட்டிக்ஸ். அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005இல் விலைக்கு வாங்கிய கூகுள், அவ்வாண்டு நவம்பரிலேயே இதனை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சிறு நிரல் ஒன்று பதிக்கப்படுகிறது. வருகையாளரின் செயல்களை அது நிகழ்ச்சிகளாகக் கூகுளின் கணினிக்கு அனுப்புகிறது. பொருளைப் பார்த்தல், கூடையில் இடுதல், பணம் செலுத்தப் புகுதல், வாங்குதல் என்ற நான்கு படிகளையும் தனித்தனியே பதிவு செய்தல் இன்றியமையாதது. எந்தப் படியில் மக்கள் திரும்பிச் செல்கின்றனர் என்பது அப்போதுதான் விளங்கும்.

தொடக்கத்திலேயே கணக்கின் நேரத்தை இந்திய நேரமாகவும் நாணயத்தை ரூபாயாகவும் அமைக்கவேண்டும். கடை ஊழியர் நாள்தோறும் தளத்தைத் திறந்து பார்ப்பதும் வருகையாகவே பதிவாகும். அதனை விலக்க வடிகட்டி உண்டு. வாட்ஸ்அப் வழியே பகிரப்படும் இணைப்புகளில் மூலக் குறியீடு சேர்க்கத் தவறினால், அவ்வழி வந்தோருள் பலர் நேரே வந்தவராகவே கணக்கில் ஏறுவர். இவை சிறு வேலைகள். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

கடினமானது வேறிடத்தில் இருக்கிறது. விற்பனை என்று எதனைக் கருவி எண்ணுகிறது? வாங்கியவருக்கு நன்றி கூறும் பக்கம் திறந்ததும் விற்பனை நடந்ததாகப் பதிவு செய்வதே பெருவழக்கு. யூபிஐ செயலியில் பணம் செலுத்திய ஒருவர் கடைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றுவிட்டால், பணம் வந்திருந்தும் விற்பனை பதிவாவதில்லை. திரும்பி வந்தாலோ, அவரை அனுப்பிவைத்தது பணப் பரிமாற்ற நிறுவனமே என்று கருவி எழுதிக்கொள்ளக்கூடும். விளம்பரத்திற்குரிய பெருமை அந்நிறுவனத்தைச் சேர்ந்துவிடும். அத்தகைய நிறுவனங்களின் தள முகவரிகளை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது இதற்கு மாற்று.

பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையில் இடர் இன்னும் பெரிது. ஒரு மாதத்தில் ₹6,000 செலவில் செய்த விளம்பரத்தால் 20 சேலைகளுக்கு ஆணை வந்ததாக வைத்துக்கொள்வோம். கருவியின் கணக்கில் ஒரு விற்பனைக்கான விளம்பரச் செலவு ₹300. சேலை ஒன்றுக்கு ₹350 ஆதாயம் எனில் வணிகர் மகிழ்ந்து அடுத்த மாதம் விளம்பரத்தை இரட்டிப்பார். ஆனால் வாசலில் வாங்க மறுக்கப்பட்டு 5 சேலைகள் திரும்பினால் உண்மையான செலவு ₹400. விற்ற ஒவ்வொரு சேலைக்கும் ₹50 நட்டம். போகவர ஆன அஞ்சல் கூலி தனி. திரும்பிய ஒவ்வோர் ஆணையையும் அதன் எண்ணைக் குறித்துக் கருவிக்கு அறிவிக்க வழி உண்டு. சிறு கடைகளில் அதனைச் செய்வோர் அரியர்.

இது புதிய சிக்கலன்று. தேசிய மாதிரி ஆய்வின் 55ஆவது சுற்றில் (1999–2000) உணவுச் செலவை 7 நாட்களுக்கும் 30 நாட்களுக்குமாகச் சேர்த்துக் கேட்டதால், வறுமை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பது பற்றிப் பொருளியலாரிடையே எழுந்த வாதத்தை மாணவர்கள் அறிவர். கேள்வியின் வரையறை மாறினால் விடையும் மாறும். குகட்பள்ளிக் கடைக்கும் அதுவே பொருந்தும்.

வாடிக்கையாளரின் உரிமை பற்றியும் கூறவேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பை அது வாடிக்கையாளருக்கு அளிக்கிறது; குகட்பள்ளியில் தெலுங்கு அறிவிப்பு இருப்பதே முறை. பெயரையும் தொலைபேசி எண்ணையும் பகுப்பாய்வுக் கருவிக்கு அனுப்புதல் கூடாது. கூகுளின் விதிகளும் அதனைத் தடுக்கின்றன. தரவு தம் கணினியிலேயே இருக்கவேண்டும் என்று கருதுவோர்க்கு மட்டோமோ என்ற திறந்த மூல மென்பொருள் உள்ளது. அதனைப் பேண ஓரளவு தொழில்நுட்பத் திறன் வேண்டும்.

இலவசக் கருவியில் கணக்கு வணிகரின் கையில் இல்லை என்பதும் நினைவில் இருத்தற்குரியது. கூகுளின் முந்தைய அமைப்பு 2023 ஜூலை 1 அன்று புதிய பதிவுகளை ஏற்பதை நிறுத்தியது. ஓராண்டு கழித்துப் பழைய பதிவுகளும் எட்டாமற் போயின. புதிய அமைப்பிலும் தனி வருகையாளர் அளவிலான விவரங்கள், மாற்றியமைத்தாலன்றி, 2 மாதங்களே நிற்கும். இலவசக் கணக்கில் 14 மாதங்கள் வரை நீட்டலாம். இவ்வாண்டுத் தசராப் பருவத்தைச் சென்ற ஆண்டோடு நுணுகி ஒப்பிட விரும்பும் வணிகர், கடை திறக்கும் நாளிலேயே அதனை 14 ஆக்கிவிட்டு, மாத முடிவில் தொகைகளைத் தம் பேரேட்டிலும், திரும்பிவந்த சேலைகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கி, எழுதிவைத்துக்கொள்வது நலம்.