கல்விக் கடன்: மறைத்தால் வளரும், பேசினால் தீரும்

(ஜமாஅத் கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

2001ஆம் ஆண்டு இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை வகுத்தது. நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடாகச் சொத்து கேட்பதில்லை. பெற்றோரும் கடனில் சேர்ந்து கையொப்பமிட்டால் போதும். அதனால் நிலபுலன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் கல்லூரிக் கதவு திறந்தது. அதே காலத்தில் தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. நமது குமரி மாவட்டத்திலும் பல எழுந்தன. படிப்பு முடியுமுன்னே வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தோர் ஏராளம். சில இடங்களில் ஆசிரியர் நிலைப்பதில்லை; செய்முறைக் கூடம் பெயரளவுக்கே. முடிவில் பட்டம் கைக்கு வந்தது, வேலை வரவில்லை. பொறியியல் படித்த பிள்ளை கனகமூலம் சந்தைப் பக்கம் ஒரு கடையில் கணக்கெழுதுகிறான். வங்கியின் கடிதமோ வாப்பாவின் பெயருக்கு வருகிறது.

“கல்லூரி ஏமாற்றியதற்கு நாங்கள் ஏன் கடன் கட்ட வேண்டும்?” என்று இளைஞர்கள் கேட்கின்றனர். அக்கேள்வியிலுள்ள வேதனையை நாம் மறுக்கவில்லை. எனினும் உடன்படிக்கை வங்கியோடு செய்யப்பட்டது; கல்லூரியின் குறை அதை நீக்கிவிடாது. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவருக்கு மூன்று தீனார் கடன் இருப்பதையும் அதை அடைக்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை என்பதையும் அறிந்த நபி (ஸல்) அவர்கள் தாம் தொழ வைக்கவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழ வைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் வரும் இச்செய்தி நமக்கு இரண்டைக் கற்பிக்கிறது: கடன் இலேசானதன்று, கடன்பட்டவனைச் சமுதாயம் தனியே விடலாகாது.

வட்டி விலக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. இனிக் கடன் வாங்க எண்ணுவோர் அதனை முதலில் சிந்திக்கட்டும். ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு, விரைந்து வெளியேறும் வழியைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலாவது, மறைக்காதீர்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் அந்நாட்களிலும் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கியபின் தொண்ணூறு நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் கணக்கு வாராக்கடனாகும். பிள்ளையோடு பெற்றோரின் பெயரும் சிபில் பதிவில் கெடும். பின்னர் வீட்டுக் கடனுக்கோ தொழிற்கடனுக்கோ சென்றால் அது குறுக்கே நிற்கும். தள்ளுபடி வரும் என்று தேர்தல்தோறும் காத்திருந்தவர்களின் நிலுவை பெருகியதே மிச்சம்.

இரண்டாவது, வங்கிக்குச் சென்று எழுத்தில் கேளுங்கள். கடனை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் நீண்ட வசனம் கட்டளையிடுகிறது; நமது மக்களோ வாய்ப்பேச்சோடு திரும்பிவிடுகின்றனர். 2015இல் திருத்திய மாதிரித் திட்டம் தவணைக் காலத்தைப் பதினைந்து ஆண்டு வரை அனுமதிக்கிறது. வேலையில்லாத காலத்தில், ஒரு முறைக்கு ஆறு மாதம் வரை, இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்திவைக்கவும் அதில் இடமுண்டு. வேலையின்மையை விளக்கி மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்திற்கு உட்பட்ட மாணவர்களுக்கு, தொழிற்கல்விக் கடனில் தவணை தொடங்கும் வரையான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டு முதல் உண்டு. தகுதியுடையோர், அந்த மானியம் தம் கணக்கில் வரவானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நீண்ட தவணை மூச்சு விடுவதற்கு மட்டுமே. நிலுவை மூன்று லட்சம், வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டுத் தவணையில் மாதம் சுமார் 3,225 ரூபாய். மொத்தம் ஏறத்தாழ 5,80,000. ஏழாண்டில் மாதம் சுமார் 4,980. மொத்தம் ஏறத்தாழ 4,18,000. வித்தியாசம் ஒரு லட்சத்து அறுபதாயிரத்திற்கு மேல்! ஆகவே வருமானம் கூடும்போதெல்லாம் கூடுதலாகக் கட்டுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கு இக்கடனில் அபராதம் இல்லை.

நான்காவது, கணக்கு வாராக்கடனாகி விட்டால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கு எட்டும் தீர்ப்பு இறுதியானது. ஆனால் குறைத்து முடித்த கடன் சிபில் பதிவில் ‘செட்டில்டு’ என்றே நிற்கும். முழுதும் அடைத்ததற்கு அது ஈடாகாது. இயலாதவனுக்கே இவ்வழி.

ஐந்தாவது, ஒரு கடனை அடைக்க அதைவிடக் கொடிய கடனில் விழாதீர்கள். கந்துவட்டிக்கு வாங்கி முகவரிடம் கொடுத்து, சுற்றுலா விசாவில் வளைகுடாவுக்கு விமானம் ஏறுவது வேண்டாம். முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். கோணம் அரசு தொழிற்பயிற்சி நிலையம் நமக்கு அருகிலேயே உள்ளது. பட்டதாரி கைத்தொழில் கற்பது இழிவன்று.

வசூலிப்போர் மிரட்டினால் அஞ்சாதீர்கள். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது, அவமதிக்கலாகாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீர்வில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2016இல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டார். கல்விக் கடன் வசூல் நெருக்கடியே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். உயிர் அல்லாஹ்வின் அமானிதம். எந்தக் கடனும் அதற்கு விலையாகாது. மனம் உடைந்த பிள்ளை இரவென்றும் பாராமல் பள்ளிவாசல் கதவைத் தட்டலாம்.

பெற்றோர்களே! “உன்னால்தான் இந்தக் கேவலம்” என்று பிள்ளையைக் குத்திக் காட்டாதீர்கள். கல்லூரியைத் தேர்ந்ததில் நம் அனைவருக்கும் பங்கு உண்டு. இனிச் சேர்ப்போர், அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாக வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து, அங்கு படித்து முடித்தவர்களிடம் விசாரித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

ஜமாஅத்தார்களே! ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டோரும் அடங்குவர். உண்மையில் இயலாதவர் யார் என்பதை ஆலிம்களைக் கொண்டு ஆய்ந்து பைத்துல்மாலிலிருந்து உதவுவோம். மற்றவர்களுக்கு அழகிய கடனாகக் கொடுத்து, வங்கி நிலுவையை அடைக்கச் செய்வோம். வங்கி அலுவல் அறிந்த ஓய்வுபெற்ற பெரியவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் அமர்ந்து மனு எழுதிக் கொடுத்தால், அதுவும் ஸதகாவே. அன்று ஓர் அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்தார்கள். இன்று நம்மில் யார் முன்வருவது?

கடன் சுமையிலிருந்து நம் பிள்ளைகளை வல்ல இறைவன் விடுவிப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.